பிரசங்கத்தில் நாட்டு நடப்பைப் பேசலாமா? பேசினால் எப்படி?

கேள்வி கேட்ட தம்பி பெரம்பூர்ப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வாலிபர் சங்கத்தில் இருக்கிறவர். அவ்வப்போது ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் செய்ய வாய்ப்புத் தருகிறார்கள். வேத விளக்கம் மட்டும் சொன்னால் பிள்ளைகள் போனை எடுத்துவிடுகிறார்களாம். வேலை போனது, வெள்ளம் வந்தது, கடன் தொல்லை என்று பேசினால் "பிரசங்க பீடத்தில் அரசியல் எதற்கு?" என்று மூத்தவர்கள் முகம் சுளிக்கிறார்களாம். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று கேட்கிறார். வட சென்னையில் பல வருஷமாகப் பிரசங்கம் செய்கிறவன், பிரசங்கம் தயாரிக்கப் பழகுகிற வாலிபர்களோடு உட்கார்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தம்பி, வசனத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதற்குப் பொருத்தமாக ஒரு செய்தியைத் தேடாதீர்கள். செய்தியை எடுத்து வைத்துக்கொண்டு அதற்கு ஒரு வசனத்தைத் தேடவும் வேண்டாம். எடுத்த வேத பகுதியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பொறுமையாக வாசியுங்கள். கூலி, கடன், பஞ்சம், கிணற்றுச் சண்டை, ஊர் விட்டு ஊர் வந்தவனின் கஷ்டம் எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கிறது. நாம்தான் அவசரமாக "ஆவிக்குரிய அர்த்தத்துக்கு" ஓடுகிற ஓட்டத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

ஒரு உதாரணத்தை விரிவாகவே பார்ப்போம். 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரம், விதவையின் எண்ணெய்க் குடம். உபவாசக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற பகுதி இது. வெறும் பாத்திரமாக வந்தால் ஆண்டவர் அபிஷேகத்தால் நிரப்புவார் என்று சொல்லி, பாட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தச் செய்தி தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் வசனத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். புருஷன் இறந்துவிட்டான். கடன் கொடுத்தவன் வந்து நிற்கிறான். இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கூட்டிக்கொண்டு போகப்போகிறான். கதை தொடங்குவதே கடனில்தான்.

இன்னும் கிட்டே போங்கள். இறந்த மனிதன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், கர்த்தருக்குப் பயந்து நடந்தவன். அந்த அம்மாவே அதைச் சொல்லித்தான் தீர்க்கதரிசி எலிசாவிடம் அழுகிறாள். அப்படியானால் கடன் பட்டவனெல்லாம் ஊதாரி, விசுவாசம் இல்லாதவன் என்ற பேச்சுக்கு இந்தப் பகுதியில் இடமே இல்லை. எலிசா அவளிடம் "ஏன் கடன் வாங்கினீர்கள்?" என்று விசாரிக்கவில்லை. உனக்கு நான் என்ன செய்ய வேண்டும், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறான். அப்புறம் அக்கம்பக்கத்து வீடுகளில் பாத்திரம் கேட்டு வாங்கச் சொல்கிறான். அதாவது அந்தத் தெருவே இந்த அற்புதத்தில் கை கொடுக்கிறது. கடைசியில், எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர், மீந்ததைக்கொண்டு நீயும் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள் என்கிறான். கணக்கு முடிகிற வரைக்கும் தீர்க்கதரிசி அவளோடு நிற்கிறான்.

இதை இப்படியே உங்கள் சபையில் வாசித்துக் காட்டுங்கள். தண்டல் கட்டுகிற அக்கா அங்கே உட்கார்ந்திருப்பார். குழு லோன் எடுத்தவர், திங்கட்கிழமை காலையில் கலெக்‌ஷனுக்கு ஆள் வரும் என்று ஞாயிறு ஆராதனையிலேயே மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். போனில் ஆப் வழியாகப் பத்தாயிரம் கடன் வாங்கிவிட்டு, உறவுக்காரர்களுக்கெல்லாம் மிரட்டல் மெசேஜ் போகிறதே என்று தூங்காமல் வந்த பையனும் இருப்பான். போனை எடுத்துவிடுகிறார்கள் என்று நீங்கள் வருத்தப்படுகிற பிள்ளைகளில் அவனும் ஒருவனாக இருக்கலாம். அவனைப் பார்த்து நீங்கள் தனியாக ஒரு செய்தித்தாளை விரிக்க வேண்டியதில்லை. கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்று வேதமே சொல்லிவிட்டது.

இதற்குமேல் உபயோகமான இரண்டு விஷயம் சொல்லலாம். தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. மிரட்டல் வந்தால் போலீசில் புகார் கொடுக்க வழி இருக்கிறது. சபையில் வக்கீல் யாராவது இருந்தால் ஆராதனை முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தார் பாத்திரம் கொடுத்தார்கள் என்ற வரியைப் பிரசங்கித்த சபை செய்ய வேண்டிய வேலை அது.

இதே கடன் நெகேமியா புத்தகத்திலும் இருக்கிறது. கட்டட நிதி திரட்டுகிற காலத்தில் நெகேமியாவை எடுக்காத சபை கிடையாது. எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலைக் கட்டுவோம் வாருங்கள் என்று நான்காம் அதிகாரம் வரைக்கும் வந்து, அப்படியே ஆறுக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் ஐந்தாம் அதிகாரத்தில் ஜனங்கள் கூக்குரல் போடுகிறார்கள். நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்துத் தானியம் வாங்குகிறோம், ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமையாக்குகிறோம் என்று. வட்டி வாங்கினவர்கள் யார்? சொந்தச் சகோதரர்கள். நெகேமியா அவர்களைக் கூட்டிவைத்து, வாங்கினதைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஆணையிடவைக்கிறார். அலங்க வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அதைச் செய்கிறார்.

வாக்குத்தத்த வசனங்கள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஜனங்கள் வேதத்தை அதிகமாகச் சந்திக்கிற இடம் அதுதான். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் கொடுக்கிற அட்டை, சமையலறைச் சுவரில் தொங்குகிற காலண்டர், காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற படம். எரேமியா 29:11 அதில் அடிக்கடி வரும்: உங்களைக் குறித்து நான் வைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே. அருமையான வசனம். ஆனால் அது யாருக்கு எழுதின கடிதம்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. அதற்கு ஒரு வசனம் முன்னால் எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. சீக்கிரமே எல்லாம் சரியாகிவிடும் என்று வேறு ஆட்கள் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நம்பாதீர்கள் என்றுதான் எரேமியா எழுதுகிறார். ஐந்தாம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறார். ஏழாம் வசனத்தில், நீங்கள் போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால்தான் உங்களுக்கும் சமாதானம் என்கிறார்.

சென்னைச் சபைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியாது. நம் சபைகளில் எத்தனை குடும்பம் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமிருந்து வந்தது! முப்பது வருஷம் இங்கே குடியிருந்தும் "எங்க ஊர்" என்றால் அதுதான். அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்குக் காணிக்கை போகும், கோயில் கட்ட அங்கே பணம் போகும். தப்பில்லை. ஆனால் இந்தப் பட்டணத்தின் ஏரி, இந்தத் தெருவின் குப்பை, இந்த வார்டு பள்ளிக்கூடம் நம் ஜெபத்தில் வருகிறதா? 2019 கோடையில் ஏரிகளெல்லாம் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த நாட்களில் எல்லாச் சபைகளிலும் மழைக்காக ஜெபித்தோம். மழை வந்தது, குடங்களை மறந்தோம். எரேமியா 29:7 பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொல்கிறது. வருஷத்தில் ஒரு கோடைக்கு மட்டும் தேடினால் போதும் என்று அதில் இல்லை.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். பேரிடர் வந்த வாரத்தில் என்ன பேசுவது?

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள். கரையோரத்தில் ஆட்கள் ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வேளையில் கடல் உள்ளே வந்தது. அடுத்தடுத்த வாரங்களில் "இது பாவத்துக்கு வந்த தண்டனை" என்று பேசின பிரசங்கங்களை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே பேச்சு ஆடியோவாகப் போன்களில் சுற்றியது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் இருக்கிற ஒரு சபையில் அதைச் சொல்ல எப்படி மனசு வருகிறது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்தது. லூக்கா 13ஆம் அதிகாரம். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லை என்று நேராகச் சொல்கிறார். செத்தவர்களைப் பற்றி ஒரு தீர்ப்பும் சொல்லாமல், உயிரோடு கேட்டுக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். யோவான் 9இல் பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்பதுதான் பதில். இவ்வளவு தெளிவாக ஆண்டவர் மறுத்த ஒன்றை நாம் அவர் பெயரில் பேசக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணமே இல்லை.

யோபுவின் சிநேகிதர்களைக் கவனியுங்கள். ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் தப்புத் தப்பாகப் பேசினார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தரே அவர்களைக் கோபிக்கிறார். அதனால் வெள்ளம் வடிந்த முதல் ஞாயிறு நீங்கள் பீடத்தில் நிற்க நேர்ந்தால் விளக்கம் வேண்டாம். 69ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். வெள்ளம் பெருகி வருகிறது, ஆழமான உளையில் அமிழ்ந்துவிட்டேன், நிற்க நிலையில்லை என்று கதறுகிற சங்கீதம். இடுப்பளவு தண்ணீர் நின்ற வீட்டில் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, பீரோவுக்குள் ஊறிப்போன பிள்ளையின் மார்க் ஷீட்டை வெயிலில் காயவைத்துவிட்டு வந்தவருக்கு அந்த வாசிப்பே போதும். ஐந்து நிமிஷம் பேசுங்கள், ஜெபியுங்கள், யார் வீட்டுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

காரணங்களைப் பேச அடுத்தடுத்த ஞாயிறுகள் இருக்கின்றன. மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து வந்து மீனவர் படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் கறுப்பாகப் படிந்ததே, அதற்கு எசேக்கியேல் 34:18ஐ எடுத்துப் பாருங்கள். தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் கால்களால் குழப்பிப்போடுகிறது உங்களுக்கு அற்பக் காரியமா என்று கொழுத்த ஆடுகளைப் பார்த்துக் கர்த்தர் கேட்கிறார். அடுத்த வசனத்தில், மற்ற ஆடுகள் அந்தக் கலங்கின தண்ணீரைக் குடிக்க வேண்டியதாயிற்று. ஜூனில் சுற்றுச்சூழல் ஞாயிறு அனுசரிக்கிறோம்; ஒரு மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதோடு நில்லாமல் அன்றைக்கு இந்தப் பகுதியை வாசிக்கலாம்.

சரி, மூத்தவர்களின் "அரசியல் எதற்கு?" என்ற கேள்வி. அதைத் தள்ளிவிடாதீர்கள். நம் வரிசைகளில் எல்லாக் கட்சிக்கும் ஓட்டுப் போடுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பீடத்தில் நிற்கிறவர் பேசும்போது எழுந்து பதில் சொல்ல யாருக்கும் வழியில்லை. அந்த வசதியைப் பயன்படுத்தி உங்கள் கட்சிக் கருத்தைச் சொல்வது நியாயமில்லை. கட்சிப் பெயர் வேண்டாம், தலைவர் பெயர் வேண்டாம், தேர்தல் நேரத்தில் ஜாடை மாடையாகவும் வேண்டாம்.

ஆனால் கூலியைப் பேசுவது கட்சி அரசியல் ஆகாது. உபாகமம் 24இல், ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிடு என்கிறார். யாக்கோபு 5:4இல் பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது. மத்தேயு 20இல் திராட்சத் தோட்டத்து வேலைக்காரர்: காலையில் வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறார். இந்த உவமையைக் கடைசி நேரத்தில் மனந்திரும்புகிறவர்களுக்கென்று பேசிப் பழகிவிட்டோம். ஒருநாள் காலையில் ஏழு மணிக்கு, ஆட்கள் கூலி வேலைக்காக நிற்கிற ஏதாவது ஒரு சந்திப்புக்குப் போய் நில்லுங்கள். கொத்தனார், சித்தாள், பெயிண்டர் எல்லாம் நிற்பார்கள். பையில் கரண்டியோ பிரஷ்ஷோ, ஒரு சாப்பாட்டு டப்பா, மாற்றுத் துணி. பைக்கில் மேஸ்திரி வந்ததும் சுற்றி நிற்பார்கள். முதலில் வாலிபப் பையன்களை ஏற்றிக்கொண்டு போவார். பத்து மணிக்கு மேல் அங்கே மிச்சம் நிற்கிறவர்களின் தலையைப் பாருங்கள், பெரும்பாலும் நரைத்திருக்கும். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்று ஐந்து மணிக்குச் சொன்னவர்கள் யார் என்று அப்போது தெரியும். சோம்பேறிகள் என்று உவமை எங்கும் சொல்லவில்லை. அவர்களுக்கும் ஒரு பணம், ஒருநாள் கூலி முழுசாகக் கிடைத்தது; ஒருநாள் அரிசி வாங்க அதுதான் வேண்டும்.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்கு முன்னால் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரம் மத்தேயு 20 வாசிக்கிற பிரசங்கியார் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனால் அதுவும் ஒரு நிலைப்பாடுதான். எப்படிச் சொல்வது? முதலில் அவர்களுக்காக ஜெபியுங்கள். அடுத்து, அரசாங்கத்தை நோக்கி விரல் நீட்டுவதற்கு முன்னால் நம் ஆலயத்தைப் பெருக்குகிற அக்காவுக்கும் வாட்ச்மேன் அண்ணனுக்கும் மாதம் என்ன தருகிறோம், லீவு உண்டா, வைத்தியச் செலவுக்கு ஏதாவது உண்டா என்று சபையாரைக் கேளுங்கள். அரசியல் வேண்டாம் என்ற மூத்தவரே கமிட்டியில் அதை எழுப்பக்கூடும். எழுப்பாவிட்டாலும் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

சாதியையும் விடக்கூடாது. 1833இலேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். அவ்வளவு பழைய புண். ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் தேவை விளம்பரத்தைப் புரட்டினால் இன்றைக்கும் கிறிஸ்தவம் என்ற சொல்லோடு சாதிப் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. இதற்கு, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28ஐ எல்லாரும் சொல்வார்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். நீங்கள் 2ஆம் அதிகாரத்தை எடுங்கள். புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யூதரான சில பேர் வந்ததும் எழுந்து விலகிக்கொள்கிறார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கேட்கிறார். யாரோடு சாப்பிடுகிறாய், யார் வந்தால் எழுந்துகொள்கிறாய் என்பது சுவிசேஷத்தின் சத்தியத்தைச் சேர்ந்தது என்று பவுல் நினைத்தார். கல்யாணப் பந்தி, பெண் கொடுத்தல், பெண் எடுத்தல் எல்லாம் அங்கிருந்தே பேசலாம். நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு வரும்போது மட்டும் பேசிவிட்டு விடாதீர்கள்.

தயாரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஞாயிறுக்குக் குறித்த வேத பாடத்தையே எடுங்கள். நமக்குப் பிடித்த வசனத்துக்கே திரும்பத் திரும்பப் போகாமல் அது காப்பாற்றும். கத்தோலிக்கத் திருச்சபையில் மூன்று வருஷச் சுழற்சியில் வாசகங்கள் வருவதற்கும் அந்தப் பயன் உண்டு. திங்கட்கிழமையே வாசித்துவிட்டு வாரம் முழுக்க வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும்போது அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய கஷ்டத்தையாவது பிரசங்கத்தில் சொல்வதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பெயர் சொல்லாவிட்டாலும் சபைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இப்போது ஆராதனை யூடியூபிலும் போகிறது, அவருடைய மாமியார் வீட்டிலும் பார்ப்பார்கள். வாட்ஸ்அப்பில் வந்த சம்பவத்தை உண்மையா என்று பார்க்காமல் உதாரணமாகச் சொல்லாதீர்கள். அது பொய் என்று வாலிபன் ஒருவன் அங்கேயே போனில் பார்த்துவிட்டால், அதற்குப்பிறகு நீங்கள் வாசிக்கிற வசனத்தையும் அவன் அப்படித்தான் கேட்பான்.

நேரம்: மறையுரை (கத்தோலிக்கர் பிரசங்கத்துக்குச் சொல்கிற பெயர்) எட்டு நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது என்று போப் பிரான்சிஸ் 2024இல் சொன்னார். பெந்தெகொஸ்தே சபைகளில் முக்கால் மணி நேரம் சாதாரணம். உங்கள் சபையில் இருபது நிமிஷம் என்றால் பதினெட்டில் முடியுங்கள்.

அடுத்த முறை உங்களுக்குப் பகுதியைத் தேர்ந்தெடுக்கிற சுதந்திரம் கிடைத்தால் 2 இராஜாக்கள் 4:1-7ஐயே எடுங்கள். முந்தின வாரமே ஆயரிடம் கடனைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொல்லி ஜெபம் கேளுங்கள். முகம் சுளித்த பெரியவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போய், அந்தப் பகுதியை அவரோடு சேர்ந்து வாசித்து, அவர் சின்ன வயதில் வீட்டில் கடன் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் அவர் சொன்னதையே பிரசங்கத்தில் சொல்லுங்கள்.